நூறு கிலோமீட்டர் எங்கே முடிகிறது?

ஞாயிறு விடியலில் திருவான்மியூரில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அனைவருக்கும்,

மாதந்தோறும் நாம் போடும் ‘நூறு கிலோமீட்டர்’ பட்டியலில் இந்த முறை ஒரு பெயர் இல்லை. நம்மோடு மாமல்லபுரம் தாண்டிப் போய், நாம் திரும்பிய இடத்திலேயே திரும்பி, நாம் நின்ற டீக்கடையிலேயே நின்று வந்த ஒரு கல்லூரி மாணவியின் பெயர் அது. அவருடைய போன் 98.6 காட்டியது. பக்கத்தில் ஓட்டி வந்தவரின் பைக் கம்ப்யூட்டர் 100.3 காட்டியது. அந்த நண்பர் பட்டியலில் இருக்கிறார், மாணவி இல்லை. போதாததற்கு, அடுத்த மாதம் முதல் போனில் பதிவான ரைடுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், சைக்கிளில் கருவி பொருத்தியிருப்பவர்களின் கணக்கு மட்டும் போதும் என்ற யோசனையும் எழுந்திருக்கிறது.

அந்த முடிவை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் நில அளவைத் தொழிலில் இருந்தவன். சங்கிலி பிடித்துப் பழகி, டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவி வரை வந்தவன். ஒரே சாலையில் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்த இருவரில் ஒருவர் நூறு ஓட்டினார், மற்றவர் ஓட்டவில்லை என்று ஒரு கணக்கு சொன்னால், அந்தக் கணக்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

முதலில் அந்த 100.3. ஃபோர்க்கில் ஒரு சென்சார், ஸ்போக்கில் ஒரு காந்தம். காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாகக் கருவி எண்ணும். எண்ணுவதில் தவறு மிக அபூர்வம். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதை அந்தக் கருவிக்கு நாம்தான் சொல்கிறோம். 700×25 டயருக்குக் கையேட்டு அட்டவணை 2105 மில்லிமீட்டர் என்கிறது, 700×28க்கு 2136. டயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 28க்கான எண்ணை வைத்துக்கொண்டு 25இல் ஓட்டினால் ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். அப்படியிருந்தால், 100.3 என்று திரையில் வந்தது உண்மையில் 98.8. நம் நண்பரின் கருவியில் என்ன எண் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவரைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு திரைகளில் ஒன்றை மட்டும் சந்தேகித்தோம், மற்றதை அப்படியே நம்பிவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எண் சரியாக இருந்தாலும் அட்டவணை உங்கள் டயருக்காக எழுதப்பட்டதல்ல. 25 என்று அச்சடித்த டயர் அகலமான ரிம்மில் 27 ஆகப் பருக்கும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்ததும் டயர் கொஞ்சம் அமுங்கும், காற்று குறைந்திருந்தால் இன்னும் அமுங்கும். தரைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலான உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். நூறு கிலோமீட்டரில் அது 300 மீட்டர். ஹப்பில் மாட்டும் புதுவகை சென்சார்களில் காந்தமே கிடையாது. அவற்றோடு இணைந்த கருவிகள் சில, சக்கர அளவை ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டுத் தாமே கணித்துக்கொள்கின்றன. அதாவது போனைவிட நம்பகம் என்று நாம் எடுத்துக்கொள்ளும் எண்ணின் வேரும் சில சமயம் அதே செயற்கைக்கோள்தான்.

இனி போன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை எத்தனை நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதிலிருந்துதான் நாம் இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. ஒரு நானோ நொடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சமிக்ஞையில் பிழையைக் கலந்து வைத்திருந்தது, அப்போது நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அது நிறுத்தப்பட்டதால்தான் இன்று சைக்கிள் ஓட்டுபவர் கையில் இது பயன்படுகிறது. திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போனின் பிழை ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். 2018 முதல் வந்த இரட்டை அலைவரிசை போன்களில் இன்னும் குறையும்.

ஐந்து மீட்டர் என்றால் நூறு கிலோமீட்டரில் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். ஓரிடத்தைக் குறிப்பதில் அது ஒன்றுமில்லைதான். தூரத்தைக் கூட்டும்போது கதை வேறு. நொடிக்கு ஒரு புள்ளி பதிவாகிறது, ஒவ்வொரு புள்ளியும் இடமோ வலமோ சற்று விலகி விழுகிறது, நேராகப் போன பாதை மெல்லிய கோணல்மாணலாகிறது. கோணலின் நீளம் நேர்கோட்டைவிட எப்போதும் அதிகம். 2016இல் பீட்டர் ரானாக்கரும் உடன் ஆய்வாளர்களும், ஜிபிஎஸ் தூரம் ஏன் உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது என்பதைக் கணிதமாகவே எழுதிக்காட்டினார்கள். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. போன் பேட்டரியைக் காக்கச் செயலியைத் தூங்கவைத்தால் புள்ளிகள் தொலைவு தொலைவாக விழும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சாலை வளைந்திருந்தால் வளைவு வெட்டப்பட்டு நேர்கோடாகும், தூரம் குறையும். அந்த மாணவியின் 98.6க்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதோடு, சமிக்ஞை எளிதில் எட்டாதபடி அவர் போன் முதுகுப் பையில், பணப்பைக்கும் சாவிக்கும் அடியில் இருந்தது.

இடமும் முக்கியம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை இந்தக் கருவிகளுக்கு நல்ல இடம். கிழக்கே கடல், உயரமான கட்டடம் குறைவு. உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி முட்டுக்காடு பாலத்தில் ஏறினால் வானம் முழுக்கத் திறந்திருக்கும், தடம் கோடு போட்டதுபோல் விழும். அதே போனை எடுத்துக்கொண்டு பறக்கும் ரயில் பாதையின் அடியிலோ, பழைய மாமல்லபுரம் சாலையில் டைடல் பார்க் பக்கமோ ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய சமிக்ஞை நேரே வந்ததைவிட நீண்ட வழி வந்திருக்கும். கருவிக்கு அது தெரியாது. நீங்கள் கால்வாயில் ஓட்டியதாகத் தடம் காட்டும். பெசன்ட் அவென்யூ மரங்களின் கீழும் கொஞ்சம் தடுமாறும். வேளச்சேரியிலிருந்தோ கிண்டியிலிருந்தோ ஓட்டி வந்து நம்மோடு சேருபவர்களின் கணக்கு, திருவான்மியூரில் தொடங்குபவர்களின் கணக்கோடு ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். டீ குடிக்க நிற்கும்போது பதிவை நிறுத்தாவிட்டால் இன்னொன்று நடக்கும். நின்ற இடத்திலேயே புள்ளிகள் அலைந்து சிலந்திவலை பின்னும், ஓட்டாத மீட்டர்கள் கணக்கில் ஏறும்.

மாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அந்தக் கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களின் மேலே, சூரியன் மறைந்தபின் அயனி மண்டலம் கொந்தளிக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், சூரியன் தீவிரமாக இருக்கும் ஆண்டுகளில், இது கூடுதல். செயற்கைக்கோள் சமிக்ஞை அப்போது மினுமினுத்து அறுபடும். சென்னையும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. விடியலில் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆக காலை ஓட்டத்தையும் இரவு ஓட்டத்தையும் பதிவை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

ஏற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சமதரையில் ‘ஏறிய உயரம்’ எத்தனை மீட்டர் என்று போட்டி நடக்கிறது. நண்பர்களே, நம் சாலையில் ஏற்றம் என்பது சில பாலங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் கருவியின் நடுக்கம். ஜிபிஎஸ் உயரத்தில் செய்யும் பிழை பக்கவாட்டில் செய்யும் பிழையைவிடப் பொதுவாகப் பெரியது. அதோடு, அது உயரத்தை அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்துக்குக் கணிதம் வகுத்த ஒரு நீள்கோள மாதிரியிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரும்பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்த மாதிரியைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அதன் சரிவு நம் கரை வரை நீள்கிறது, சென்னையில் வித்தியாசம் 90 மீட்டருக்கு அருகில். அதைத் திருத்தாத செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு திருவான்மியூர் கடற்கரை மணலில் நின்றால், நீங்கள் கடலுக்கு அடியில் எண்பது தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். செயலி பழுதாகவில்லை, நாம் வாழும் இடம் அப்படி. எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் வியப்பு தீராத விஷயம்.

விலை கூடிய பைக் கம்ப்யூட்டர்கள் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கின்றன. அது பாலங்களை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் அலைபோல் ஏறி இறங்கும், அதிகாலை நான்கு மணி வாக்கில் தாழ்ந்து காலை பத்து மணி வாக்கில் உச்சம் தொடும். 2 ஹெக்டோபாஸ்கல் ஏறினாலே கருவிக்கு அது 17 மீட்டர் இறங்கியதாகத் தெரியும். ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு அதே இடத்துக்கு வந்து நிற்பவர், கிளம்பிய இடத்தைவிடப் பள்ளத்தில் நிற்பதாக அவர் கருவி சொல்லும். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது ஏற்றக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். இங்கே அதை விட்டுவிடுவோம்.

சாலைத் துண்டுகளில் யார் வேகம் என்று ஒப்பிடும் ஸ்ட்ராவா செக்மென்ட்டுகள் பற்றிச் சுருக்கமாக. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்குப் பத்து மீட்டர். தொடக்கப் புள்ளியில் ஐந்து மீட்டர், முடிவுப் புள்ளியில் ஐந்து மீட்டர் தள்ளி விழுந்தால் ஒரு நொடி கூடும் அல்லது குறையும். 300 மீட்டர் செக்மென்ட்டில் முப்பது நொடிக்கு ஒரு நொடி என்பது மூன்று சதவீதம். அந்த ஒரு நொடிக்காக ‘ஏமாற்றினான்’ என்ற சொல் நம் நடுவில் புழங்கியது எனக்கு வருத்தம்.

சரி, வழி என்ன? தொலைதூரம் சைக்கிள் ஓட்டுபவர்களின் மரபிலேயே அது இருக்கிறது. பிரான்ஸின் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் 1921 முதல் நடத்திவரும் ‘ப்ரெவே’ ஓட்டங்கள் இப்போது நம் ஊரிலும் நடக்கின்றன, நம்மில் சிலர் 200, 300 முடித்தவர்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தவரிடம் கையில் இருக்கும் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். ‘உன் திரை எத்தனை காட்டியது’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குறித்த கன்ட்ரோல் புள்ளிகளை, குறித்த நேரத்துக்குள் தொட்டாரா என்பதே கேள்வி. தூரத்தை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார், அது எல்லாருக்கும் ஒன்று. 203 காட்டிய கருவிக்கும் 199 காட்டிய கருவிக்கும் ஒரே மதிப்பு.

அப்படியானால் சாலையை யாராவது ஒருமுறை ஒழுங்காக அளக்க வேண்டும். அதற்கு உலகம் இன்றும் நம்பும் கருவி எது தெரியுமா? சைக்கிள்தான். மாரத்தான் பாதைகளை உலகத் தடகள அமைப்பு ஜிபிஎஸ் கொண்டு அளக்க விடுவதில்லை. முன்சக்கர ஹப்பில் பொருத்தும் ஒரு சிறிய பற்சக்கர எண்ணி, ஜோன்ஸ் கவுன்டர் என்று பெயர், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் வடிவமைத்தது. எஃகு டேப்பால் அளந்த, குறைந்தது 300 மீட்டர் நேர்ப்பாதையில் முதலில் நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுகொள்வார்கள். பிறகு பந்தயப் பாதையை ஓட்டி அளப்பார்கள். முடித்ததும் திரும்பி வந்து அதே நேர்ப்பாதையில் மறுபடி நான்கு முறை, ஏனென்றால் இதற்குள் வெயிலில் டயர் மாறியிருக்கும். அதன்பின்னும் தங்கள் அளவைத் தாங்களே முழுதாக நம்பாமல், ஆயிரத்துக்கு ஒன்று கூட்டிப் போடுகிறார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. நல்ல அளவையாளர் தன் பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்வார். எங்கள் தொழிலில் முதலில் கற்றுத்தருவது இதைத்தான்.

இந்தியாவை அளக்கும் பெருவேலை நம் பக்கத்துத் தரையில்தான் தொடங்கியது. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகும்போது நாம் சைக்கிளில் கடக்கும் அதே பெரும்பாக்கம். நூறு அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அங்கே ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்தது என்பது அதன் பூர்வீகம். ஏழரை மைல் தூரத்துக்கு அதை நானூறு முறை கிடத்தி அளந்தார்கள். மரப்பெட்டிகளில் வைத்து, சங்கிலியின் சூட்டைத் தெர்மாமீட்டரில் குறித்து, சித்திரை வெயிலில் எஃகு எத்தனை நீண்டது என்று கணக்கிட்டுத் திருத்தினார்கள். பிற்பாடு இமயம் வரை போன முக்கோணங்கள் எல்லாம் இந்த ஒரு கோட்டில் தொடங்கியவை. ஒரு கோட்டைப் பொறுமையாக அளந்துவிட்டால் மற்றவை அதன்மேல் நிற்கும். நமக்கு வேண்டியது அவ்வளவு துல்லியமும் இல்லை. அந்தப் பொறுமையில் ஒரு காலைப் பொழுது இருந்தால் போதும்.

ஆகவே என் கோரிக்கை. நாம் தொடங்கும் இடத்திலிருந்து உத்தண்டி, கோவளம் பிரிவு, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம் வரையிலும், அதைத் தாண்டிக் கல்பாக்கம் போகும் வழியில் ஐம்பதாவது கிலோமீட்டர் விழும் இடம் வரையிலும் நாமே அளந்து குறித்துவிடுவோம். சக்கர சென்சார் உள்ள நான்கைந்து சைக்கிள்கள் போதும். கூடவே காப்பாக ஆயிரத்துக்கு ஐந்து சேர்த்துக்கொள்வோம், அதாவது ஐம்பதுக்கு 250 மீட்டர். அந்த இடத்தில் இருக்கும் ஏதேனும் ஒரு நிலையான அடையாளத்தை, ஒரு பாலமோ ஒரு சாலைப் பிரிவோ, திரும்பும் புள்ளியாக வைப்போம். அங்கே போய்த் திரும்பியவர் நூறு ஓட்டியவர். அவரிடம் ஆயிரம் ரூபாய் மீட்டர் இருக்கலாம், கார்மின் இருக்கலாம், போன் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சக ஓட்டுநர் ஒருவர் ‘திரும்பினார், பார்த்தேன்’ என்று சொன்னால் போதும். இம்மாதப் பட்டியலில் விடுபட்ட பெயரை அளவை வரை காத்திருக்காமல் இப்போதே சேர்த்துவிட வேண்டும். அவர் நம்மோடு திரும்பியதைப் பார்த்தவர்கள் நாமே.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. 98இல் திருவான்மியூர் வந்து சேர்ந்தவர்கள் திரை 100 ஆகட்டும் என்று எல்.பி. சாலையிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் வட்டமடிக்கிறார்கள். அதற்குள் மணி ஒன்பது ஆகியிருக்கும், கால்கள் தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், மாநகரப் பேருந்துகள் முழுவேகத்தில் இருக்கும். கண் சாலையில் இல்லாமல் ஹேண்டில்பாரில் ஒரு தசம எண்ணின்மேல் இருக்கும். திரும்பும் புள்ளி ஐம்பதில் இருந்தால் இந்தக் கடைசி வட்டங்களுக்குத் தேவையே இருக்காது. வேறு எந்தக் காரணத்தையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

கருவிகளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் முன்னேற்றத்தை உங்கள் பழைய ஓட்டத்தோடு, அதே கருவியில், அதே சாலையில் ஒப்பிட அவை அருமையானவை. குறிப்பாக வேகம். ஜிபிஎஸ் சிப் சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தை நேரடியாகவே கணிக்கிறது. திறந்த சாலையில் அந்த எண் தூர எண்ணைவிட நம்பத்தக்கது. போனில் பதிவுசெய்பவர்கள் அதைப் பையிலிருந்து எடுத்து ஹேண்டில்பார் மவுன்ட்டிலோ மேல்சட்டைப் பின்பாக்கெட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி சேமிப்பைச் செயலிக்கு மட்டும் அணைத்துவிடுங்கள், கிளம்பும் முன் திறந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று சமிக்ஞை பிடிக்க விடுங்கள்.

சக்கர அளவைத் திருத்த அரைமணி நேரம் போதும். காற்றைச் சரியாக நிரப்பிக்கொண்டு, வால்வு தரையை நோக்கி நேர் கீழே வரும்படி நிறுத்தி, சாக்பீஸால் ஒரு கோடு. சீட்டில் உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராகப் பத்து சுற்று உருட்டி இன்னொரு கோடு. இடையில் உள்ளதை அளந்து பத்தால் வகுத்தால் வரும் எண்தான் உங்களுடையது. அட்டவணையைப் பார்க்க வேண்டாம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறன்று ரைடு வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். காலை 4.45க்கு வால்மீகி நகர் சீவார்டு சாலை முனைக்கு வந்துவிடுங்கள், அந்த நேரத்தில் அங்கே வண்டிகள் இருக்காது. 30 மீட்டர் எஃகு டேப்பும் சாக்பீஸும் அழுத்தமானி உள்ள பம்பும் என்னிடம் இருக்கின்றன. முதலில் எல்லாருடைய சக்கரத்தையும் அளந்துவிட்டு, ஆறு மணிக்குள் அளவை ஓட்டத்தைத் தொடங்குவோம். சென்சார் உள்ளவர்கள் கருவியில் இப்போது பதிந்துள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், முன்விளக்கு, பின்விளக்கு. கோடு போட, குறிப்பெழுத, டேப்பின் மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும், எனவே சைக்கிள் இல்லாவிட்டாலும் வரலாம்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து, உங்களோடு ஓட்டும் ஒருவன்